குன்வோர் வாங்கிய இரண்டு கிளப்புகள்

‘உரிமையாளர்’ என்ற கட்டத்தை ரிக்கார்டால் காலியாக விட முடியவில்லை. விட்டால் கணினி சிவப்பு எழுத்தில் மறுத்தது. ‘உறுப்பினர்கள்’ என்று எழுதினாலும் மறுத்தது. அதற்கு ஒரு மனிதப் பெயர் வேண்டும்.

“ஹெல்விக் கிளப்புக்கு ஓனரே கிடையாது, மடையா. ஊரே ஓனர்,” என்றான் கணினியிடம்.

ரிக்கார்ட் நகராட்சியில் குடிநீர் மீட்டர் பார்ப்பவன். அது சம்பளத்துக்கு. மற்ற நேரத்தில், லட்சக்கணக்கானோர் கணினியில் ஆடும் ஒரு கால்பந்து நிர்வாக விளையாட்டுக்கு ஹெல்விக் கிளப்பின் விவரங்களைத் தருபவன். யார் வேகமாக ஓடுவான், யாருக்கு முழங்கால் வலி, எந்தக் கிளப்புக்கு எந்தக் கிளப்போடு என்ன உறவு, எல்லாம் அவன் கையால்தான் போகும். இதற்குச் சம்பளம் இல்லை. பெருமை மட்டும் உண்டு.

ஸ்வீடனில் ஒரு கிளப்பைத் தனி ஆள் விலைக்கு வாங்கிவிட முடியாது. பெரும்பான்மை உரிமை உறுப்பினர்கள் கையில் இருந்தாக வேண்டும். ஹெல்விக்கில் முழுவதுமே அவர்கள் கையில்தான். ஆண்டுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. காபிக்காக மட்டும் வந்தவருக்கும் ஒரு ஓட்டு.

விவரம் அனுப்ப அன்று மாலைதான் கடைசி. கிளப் அறையில் யோசித்துக்கொண்டிருந்தவன் முன்னால் ஒரு தட்டு வந்தது. இலவங்கப்பட்டை பன். கொண்டுவந்தவர் குன்வோர். மைதானத்துக் காபிக் கடை அவருடைய பொறுப்பு.

ரிக்கார்ட் கட்டத்தில் ‘குன்வோர் ஆல்ம்’ என்று எழுதினான். கணினி பச்சையானது.

“என்னடா சிரிக்கற?” என்றார் குன்வோர்.

“ஒண்ணுமில்ல. தற்காலிகமா ஒரு ஏற்பாடு.”

அவனுக்குக் கவலையே இல்லை. அடுத்த திருத்தத்தில் மாற்றிவிடலாம்.

விளையாட்டு விற்பனைக்கு வந்த வாரமே குன்வோர் அவனைத் தேடி வந்தார். இந்த முறை கையில் பன் இல்லை.

“நான் எப்போடா இந்தக் கிளப்பை வாங்கினேன்?”

“விளையாட்டுலதாங்க வாங்கினீங்க.”

“அது என் அக்கா பையனுக்குப் புரியலையே. கிளப் வாங்கற சித்தி படகுக்கு ஒரு எஞ்சின் வாங்கித் தரக் கூடாதான்னு கேக்கறான். நாப்பது வயசு. எருமை மாதிரி இருக்கான். பேரை எடு முதல்ல.”

“எடுத்துடறேன். கண் மூடித் திறக்கற வேலை.”

பெயரை எடுத்தால் மறுபடி சிவப்பு வரும். ஆகவே ரிக்கார்ட் சுற்றுவழியில் போனான். ஹெல்விக்கும் பக்கத்து ஊர் தோர்பியும் ஒரே பள்ளத்தாக்கு விளையாட்டுச் சங்கத்தின் கீழ் வருபவை. பனிச்சறுக்கு, ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். ‘தாய்ச் சங்கம்’ என்று அதைக் காட்டிவிட்டால் உரிமையாளர் கட்டமே மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

கணக்கு சரிதான். கட்டம் மறைந்தது. ஆனால் அதில் இருந்த குன்வோர் மறையவில்லை. ஒரு படி மேலே ஏறித் தாய்ச் சங்கத்துக்கே உரிமையாளர் ஆனார்.

திருத்தம் வெளியான அன்றே தொலைபேசி அடித்தது.

“ரிக்கார்டா? தோர்பி கிளப் தலைவர் ஸ்வாந்தே பேசறேன். எங்களை எப்போய்யா வாங்கினீங்க?”

“நாங்க யாரையும் வாங்கலையே.”

“அந்த விளையாட்டுல அப்படித்தானே இருக்கு! ரெண்டு கிளப்புக்கும் ஒரே ஓனராம், அதனால எங்க கோல்கீப்பரை உங்களுக்கு இனாமா அனுப்பிட்டோமாம். என் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா.”

“அவங்களுக்கு என்ன?”

“அந்த கோல்கீப்பர் அவ புருஷன்யா!”

“கவலைப்படாதீங்க. மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிடறேன்,” என்றான் ரிக்கார்ட்.

அதற்குள் ஹெல்விக்கில் காற்று திசை மாறியிருந்தது. பயிற்சியாளர் பெர்டில் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத மனிதர். ஒருநாள் காபி வாங்கும்போது குன்வோரிடம் கேட்டார்.

“சனிக்கிழமை டீம் பத்தி ஓனரம்மா என்ன நினைக்கறாங்க?”

“அந்த லெஃப்ட் பேக் குடிச்ச கப்பைக் கழுவறதே இல்ல. அவனை உக்கார வை.”

பெர்டில் உட்கார வைத்தார். ஹெல்விக் ஜெயித்தது. அடுத்த வாரம் குன்வோர், ஓசைப்படாமல் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் ஒருவனைத் தடுப்பாட்டத்துக்குச் சொன்னார். மறுபடி வெற்றி. அப்படியே போய், ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்ற நிலை. வரும் சனிக்கிழமை அதில் ஜெயித்தால் மேல் பிரிவு. கிளப் பிறந்ததிலிருந்து பார்க்காத இடம்.

செவ்வாயன்று மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. பெர்டில் அதைக் காபிக் கடை முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். ஹெல்விக், தோர்பி ஆகிய இரு கிளப்புகளும் குன்வோர் ஆல்ம் என்ற ஒரே நபரின் உடைமை என்று சங்கம் அறிகிறது. இது விதிக்குப் புறம்பானது. இல்லையென்று வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது.

எல்லோரும் குன்வோரைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன்யா பாக்கறீங்க? இவனைப் பாருங்க!” என்று ரிக்கார்டைக் காட்டினார் குன்வோர்.

“அவன் போட்டது விளையாட்டுல. இது சங்கம். விசாரிக்காம எழுதுவாங்களா?” என்றார் பெர்டில்.

ரிக்கார்டுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. தான் எழுதியது இட்டுக்கட்டியது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சங்கம் அதையே சொல்கிறதே? எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டான்.

“குன்வோர், நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். நிஜமாவே வாங்கிட்டீங்களா?”

“வாங்கியிருந்தா முதல் வேலையா உன்னைத்தான் வெளியே அனுப்பியிருப்பேன்.”

நியாயமான பதிலாக இருந்தது.

லண்டனிலிருந்த விளையாட்டு நிறுவனத்துக்குப் பேசினான். அவன் அனுப்பும் விவரங்களைப் பார்ப்பவள் ஹேசல்.

“இன்னிக்கே மாத்தணும், ஹேசல். அவசரம்.”

“உங்க விவரத்துல தப்பா? இத்தனை வருஷத்துல வந்ததே இல்லையே!”

“தப்பு இல்ல. தற்காலிக ஏற்பாடு.”

“ரெண்டு தடவை நீங்களே உறுதி பண்ணியிருக்கீங்க. இனிமே நான் கை வைக்க முடியாது. உங்க மாவட்டச் சங்கத்துலேர்ந்து எழுத்துல ஒரு சான்று வாங்கி அனுப்புங்க. உடனே மாத்திடறேன்.”

“அவ்வளவுதானே?” என்றான் ரிக்கார்ட்.

வெள்ளிக்கிழமை காலை மாவட்டத் தலைநகருக்கு வண்டியை விட்டான். சங்க அலுவலகத்தில் வேறு யாருமே இல்லை. இருந்தாலும் வரிசை எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு, பலகையில் தன் எண் ஒளிரும்வரை நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் சிக்ரிட் என்ற பெண் அலுவலர் இருந்தாள். ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை அவள் முன்னால் வைத்தான்.

“பாருங்க. கிளப் உறுப்பினர்களோடது. குன்வோருக்கு இருக்கறது ஒரே ஒரு ஓட்டு. மத்தபடி காபி போடுவாங்க.”

சிக்ரிட் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது உங்க கிளப் ஆளுங்களே எழுதினது.”

“வேற யார் எழுதுவாங்க?”

“அதான் சிக்கல். போன வருஷம் ஒரு கிளப் இப்படித்தான் தன்னைப் பத்தித் தானே கதை எழுதிக் குடுத்துச்சு. நாங்களும் நம்பித் தொலைச்சோம். அதுலேர்ந்து கிளப் குடுக்கற எதையும் ஏத்துக்கறதில்ல. எந்த லாபமும் இல்லாம, வெளியிலேர்ந்து ஒருத்தர் சரிபார்த்துச் சொல்ற விவரம்தான் எங்களுக்குக் கணக்கு.”

ரிக்கார்ட் நிமிர்ந்தான். சரியான மனிதர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறோம் என்ற தெம்பு வந்தது.

“அருமையான முறை. நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். எங்களைப் பத்தி உங்களுக்குச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே போய் அந்த ஆளைப் பிடிச்சு, பண்ணினது தப்புன்னு அவர் வாயாலயே ஒத்துக்க வச்சுடறேன்.”

“பேர் எங்களுக்கே தெரியாதுங்க,” என்றாள் சிக்ரிட். “லண்டன்காரங்க ஒரு கால்பந்து விளையாட்டு போடறாங்க இல்ல, அதுக்கு உங்க ஊர்லேர்ந்து யாரோ ஒரு புண்ணியவான் சம்பளமே வாங்காம எழுதித் தர்றாராம்.”