குறுக்குக் காற்றும் குடலிறக்கமும்

வால்யெவோ ஊரில் ஜிவோயின் யாருக்கும் பயந்தவரில்லை. மைத்துனனோடு முப்பது வருஷமாகப் பேச்சில்லை. காரணம் மறந்துவிட்டது, கோபம் மறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் பயந்தது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று, வியாழக்கிழமை நடக்கப்போகும் குடலிறக்க ஆபரேஷன். இன்னொன்று, குறுக்குக் காற்று.

எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் நடுவே பாயுமே, அந்தக் காற்றுதான். கழுத்தைப் பிடிக்கும், காதைக் குத்தும், ஆளையே கொல்லும் என்று ஊரே நம்பியது. ஊரைவிடச் சத்தமாக ஜிவோயின் நம்பினார். ஆகஸ்ட் வெயிலிலும் இரண்டாவது ஜன்னலை மனைவி தெசாங்கா தொடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வெந்துகொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மலையில தம்பியப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"வியாழக்கிழமைக்குள்ள வந்துருவீங்கல்ல?"

"பஸ் கிடைக்கணுமே!"

தெசாங்கா குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டே சொன்னாள். "வந்தாலும் ஜாக்கிரதை. ஜலதோஷம் பிடிச்சா மயக்க ஊசி போட மாட்டாங்களாம், டாக்டர் சொன்னார். ஆபரேஷனையே தள்ளி வெச்சிருவாங்களாம்."

பெட்டி காலியானது. ஓடினால் மைத்துனன் கோழை என்பான். தும்மினால் யார் என்ன சொல்ல முடியும்?

அவள் சந்தைக்குப் போனதும் தலையை நனைத்துக்கொண்டார். இரண்டு ஜன்னலையும் திறந்தார். நடுவில் நாற்காலி போட்டு, சாவை எதிர்பார்ப்பவர் போலக் கண்ணை மூடி உட்கார்ந்தார். திரைச்சீலை பறந்தது. தும்மல் வரவில்லை. செவ்வாயன்று பனியனையும் கழற்றினார். நன்றாகப் பசித்தது. புதனன்று கால்களையும் நனைத்தார். சுகமாகத் தூக்கம் வந்தது.

தெசாங்கா உள்ளே வந்து எழுப்பினாள்.

"யார் இதத் திறந்தது?"

"பூனை."

"நமக்கு ஏது பூனை?"

"பக்கத்து வீட்டுப் பூனை!"

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "ஆஹா... என்ன காத்து!"

"அடியே, எந்திரி, செத்துருவ!"

"மூணு நாளா உக்காந்திருக்கீங்க, சாகலையே? எதிர்வீட்டு ஸ்தானா வீட்டுலேர்ந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்போ டாக்டர் சொன்னது?"

"டாக்டர் எங்க சொன்னார்? நான் சொன்னேன். மலைக்குப் போயிருந்தா உங்களை யார் பிடிக்கிறது? அங்க குடல் முறுக்கிக்கிட்டா, அப்புறம் நான் யாரோட சண்டை போடுவேன்?"

அவர் மறுபடி பெட்டியை எடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சட்டைகளை அடுக்கினார்.

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் வியர்த்துக் கிடந்தார்கள். தெசாங்கா போய் இரண்டையும் திறந்தாள்.

"ஐயோ, குறுக்குக் காத்தும்மா! மூடு!"

"பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் மூணு நாள் ஈரத்தலையோட நடுவுல உக்காந்து பார்த்துட்டார். ஒரு தும்மல்கூட இல்ல. அவரையே கேளுங்க."

ஆறு தலைகளும் திரும்பின. காற்று கெடுதல் என்றால், பிறகு ஏன் அதில் உட்கார்ந்தார் என்று சொல்லவேண்டி வரும்; ஆபரேஷன் பயம் வெளியே வந்துவிடும்.

"ஆமாம்" என்றார் ஜிவோயின். "ஒண்ணும் ஆகாது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய ஜிவோயின் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, எதிரெதிரே திறந்து கிடக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.