டிரையருக்குள் போன முகம்

என் கைக்கு அடங்காத பொருளும் உண்டு என்று ஒப்புக்கொள்ள எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது. (இப்போதும் அரைமனதாகத்தான்.)

யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தகரம், சிரட்டை, சிமென்ட், தேயிலைக் கட்டை, பழைய டயர், எது கிடைத்தாலும் அதில் ஒரு கோழியோ காட்டெருமையோ செய்துவிடுவேன். பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் லைனில் என்னைக் கேட்காமல் ஓர் ஓட்டை வாளியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள். அவ்வளவு பேர் எனக்கு.

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையரில் வேலை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று கோழிக்கோடு கொண்டு போனோம். அங்கேயே முடிந்துவிட்டது. நாடுகாணி வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டதால் தகனமும் அங்கேயே ஆனது. கடைசியாக அவர் முகத்தை நான் பார்த்தேன். ஊரில் இருந்த என் மாமியார் பார்க்கவில்லை. பார்ப்பது என்றால் அவளுக்குத் தடவுவதுதான். இரண்டு கண்ணும் தெரியாது.

"ஏம்புள்ள, என்னென்னமோ செய்யறயே, என்ற பையன் மொகத்த ஒருக்கா செஞ்சு குடு" என்றாள்.

போட்டோ இருந்தது. அதைத் தடவினால் கண்ணாடிதான் தட்டுப்படும்.

முதலில் செம்மண்ணில் செய்தேன். காய்ந்ததும் வெடித்தது. அப்புறம் சிமென்ட். தடவிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு எப்பப் புள்ள அம்மை போட்டுச்சு?" என்றாள். கோதுமை மாவில் செய்ததை எலி தின்றது, அதுவும் மூக்கை மட்டும்.

கடைசியில் பழைய பேப்பரை ஊற வைத்து, மைதாப் பசையும் தேயிலைத் தூளும் சேர்த்துப் பிசைந்தேன். மேலே தோல் மாதிரி மெழுகு பூசினேன். மீசைக்குத் தேங்காய் நார். முடித்துவிட்டுப் பார்த்தால் அச்சு அவரேதான். ஆனால் ஆடி மழையில் உள்ளே காயவே இல்லை. காதோரம் பூஞ்சணம் பூத்தது. மறுநாள் வருஷத் திதி.

மெழுகு சூட்டில் உருகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் ஃபேக்டரிக்குக் கொண்டு போய், டிரையருக்கு உள்ளே வைக்காமல் மேலே, ஆட்கள் நனைந்த கம்பளியைக் காயப்போடும் இடத்தில் வைத்தேன். (என்னே என் மூளை!) ஓடும்போது அந்த மிஷின் ஆடும். பதினெட்டு வருஷம் அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் புலம்பியிருக்கிறார். நான் காதில் வாங்கியதில்லை.

"ஏனுங்கக்கா! அண்ணன் உள்ள போறாருங்க!" என்று அலறினான் டிரையரில் நின்ற ராமசாமி.

ஆட்டத்தில் கீழே விழுந்து, ஈர இலையோடு இலையாக, உள்ளே நகரும் தட்டில் மல்லாந்தபடி, என் வீட்டுக்காரர் மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தி இழுத்து எடுப்பதற்குள் மெழுகெல்லாம் ஒழுகிவிட்டது. மூக்கு இல்லை. மீசை பாதி. முகமெங்கும் தூள். அன்றைக்கு இறங்கிய தேயிலை அத்தனையிலும் மெழுகுவர்த்தி நாற்றம்.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் ஓடி வந்தார். "யாரும்மா இது?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

அவரே ஒரு சாக்கை எடுத்து நீட்டினார்.

சாக்கில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடினேன். "அத்தே, கெடுத்துப் போட்டனுங்க" என்று அவள் மடியில் வைத்தேன். மூக்கு எங்கே என்று கேட்கப்போகிறாள் என்று நின்றேன். தடவிய அவள் கை அந்தக் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"சூடா இருக்கறான் புள்ள."

ஆறும்வரை மடியை விட்டு இறக்கவில்லை. ஆறியதும் அவளே எடுத்து என் கையில் தந்து, "இப்பப் போயிட்டான்" என்றாள். அதற்கப்புறம் முகம் செய்து தா என்று அவள் கேட்கவில்லை. நானும் எதிலும் அவரைச் செய்யவில்லை.

இன்றும் வீட்டில் டீயின் வாசம் கொஞ்சம் மாறினால் போதும், என் மருமகள், "என்னுங்கத்தே, மாமன் டீக்குள்ள எறங்கீட்டாருங்களா?" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, ஆறுவதற்குள் குடித்துவிடுவேன்.