தனிக் கழிப்பறை: உண்டு

"சாவி எங்கய்யா?" என்று பாலசுப்பிரமணியம் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நாலு வருசத்துக்கு முன்னால பூட்டினது, அப்புறம் யாரும் திறக்கவே இல்ல" என்றார் வாட்ச்மேன் அர்த்தனாரி.

இருவரும் ஒரு கதவின் முன்னால் நின்றிருந்தார்கள். கதவில் 'பெண்கள்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. பூட்டு துருப்பிடித்து, பூட்டு எது, துரு எது என்று தெரியாத நிலையில் இருந்தது. மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு ஐ.நா.விலிருந்து ஆள் வருகிறது.

பாலசுப்பிரமணியம் அந்தக் கொல்லிமலைக் கிளை அலுவலகத்தின் அதிகாரி. பத்து நிமிடம் முன்புதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். இறங்கியதும் மேலதிகாரியிடமிருந்து போன்.

"பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கணும்னு உலக நாடெல்லாம் சேர்ந்து உடன்படிக்கை போட்டிருக்குல்ல? அது கிராமம் வரைக்கும் வந்து சேர்ந்துச்சான்னு ஒரு குழு சுத்திப் பார்க்குது. அதுல ஒரு மேடம் இன்னைக்கு மலைக்கு வர்றாங்க. காலையில பைல் நாடு ஊராட்சியில ஒரு மகளிர் குழு, பதினொண்ணுக்கு உங்க ஆபீஸ். உங்களுக்கென்னய்யா கவலை? உங்க ரிப்போர்ட்தான் மாவட்டத்துலயே சுத்தம்!"

ரிப்போர்ட் சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் நான்கு வருடத்தில் பதினாறு ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் ஏழாவது வரி: 'பெண் ஊழியருக்குத் தனிக் கழிப்பறை: உண்டு. பயன்பாட்டில் உள்ளது.' கீழே பாலசுப்பிரமணியத்தின் கையெழுத்து. கையெழுத்துப் போடுவதில் அவர் யாருக்கும் வஞ்சனை செய்ததில்லை.

ராசிபுரத்துக்கு மாற்றல் உத்தரவு இந்த வாரம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வீடு அங்கே, மனைவி மகள் அங்கே. சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இனி ஏறி இறங்க வேண்டாம். அந்த ஏழாவது வரி பொய் என்று தெரிந்தால் மாற்றல் போகும். வேலையும் போகலாம்.

"ஏனுங்க சார், காலைல ஒரு..." என்று அர்த்தனாரி ஆரம்பித்தார்.

"பேச நேரமில்ல. கடப்பாரையை எடு!"

கடப்பாரையில் பூட்டு வந்தது. பூட்டோடு தாழ்ப்பாளும் வந்தது. தாழ்ப்பாளோடு கதவில் ஒரு சிராயும் வந்தது.

உள்ளே கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். பாலசுப்பிரமணியம் ஒரு கட்டின் கயிற்றை அறுத்துப் பார்த்தார். மலையின் எல்லா ஊராட்சிகளிலும் ஒட்டச் சொல்லி வந்த போஸ்டர்கள். 'பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்போம்!'

"இதையா உள்ள அடைச்சு வெச்சீங்க?"

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க. மழைல நனைஞ்சிரும், பத்திரமா வையின்னு."

கட்டுகளை நடைக்கு இழுத்துப் போட்டதும் பீங்கான் தெரிந்தது. பல்லி தெரிந்தது. குழாய் மட்டும் தெரியவில்லை. நான்கு வருடம் முன்பே அதைக் கழற்றி ஆண்கள் பக்கம் மாட்டியிருந்தார்கள்.

"அதைக் கழட்டி இங்க மாட்டு!"

அர்த்தனாரி கழற்றினார். தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. ஆண்கள் கழிப்பறையிலிருந்து பீறிட்ட தண்ணீர் நடைக்கு ஓடி, மழைக்குப் பயந்து நான்கு வருடம் காப்பாற்றிய போஸ்டர்களை நிதானமாக நனைத்தது.

"துணியை அடை! போஸ்டரைத் தூக்கு! செவுத்துல ஒட்டு, காயட்டும்!"

பத்தேகாலுக்கு அலுவலகத்தின் நான்கு சுவரும் ஈரப் போஸ்டர்களாக இருந்தன. ஒழிப்போம், ஒழிப்போம் என்று எல்லாப் பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ஆரோக்கியமேரி கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. அந்த அலுவலகத்தின் ஒரே பெண் ஊழியர். சேலத்துக்காரர். பாலசுப்பிரமணியம் வந்த அதே மாதம் மலைக்கு வந்தவர். பாலசுப்பிரமணியம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அருகே போனார்.

"மேரிம்மா, அந்த மேடம் கேட்டா, நான் இதைத்தான் உபயோகிக்கிறேன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்ல மாட்டேன் சார்."

"என் வாழ்க்கைம்மா!"

ஆரோக்கியமேரி தட்டச்சை நிறுத்தினார். "நாலு வருசமா ஆபீஸ்ல நான் தண்ணி குடிக்கிறதில்ல சார். உங்களுக்குத் தெரியுமா? போன வருசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில கிடந்தேன். என்ன நோவுன்னு சர்டிபிகேட்ல எழுதியிருந்துச்சு. படிச்சீங்களா?"

அவர் படிக்கவில்லை. லீவ் லெட்டரில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். பதினொரு மணியானால் இந்தம்மா குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போவது அவருக்குத் தெரியும். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் மணி பத்தரை ஆகிவிட்டது.

"கேட்டா மட்டும்..." என்று இழுத்தார்.

"கேட்க மாட்டாங்க சார். நீங்க பயப்படாதீங்க" என்று ஆரோக்கியமேரி மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடினார்.

பத்தே முக்காலுக்கு அர்த்தனாரி புதுத் தாழ்ப்பாளை வைத்து முடித்தார். பாலசுப்பிரமணியம் உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் முகத்தில் அடித்தது.

"அர்த்தனாரி, நல்லாக் கேட்டுக்க. வர்றவங்க திரும்பிப் போற வரைக்கும் நீ வாயைத் திறக்கவே கூடாது."

"சரிங்க. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு..."

"திறக்கவே கூடாது!"

வெளியே கார் சத்தம் கேட்டது. அர்த்தனாரி ஒழுங்கான மனிதர். எந்த அறையை விட்டு நகர்ந்தாலும் கதவைச் சாத்தித் தாழ் போடுவார். இத்தனை வருடம் சாமான் அடைத்து வைத்த அறைக்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்குமோ, அங்கேதான் அவர் கை அதை வைத்திருந்தது. வெளிப்பக்கம். சாத்தினார், தாழ் போட்டார், கேட்டைத் திறக்க ஓடினார்.

பாலசுப்பிரமணியம் கதவைத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. கத்தலாம். கத்தினால் வந்தவருக்குக் கேட்டுவிடும். கத்தாவிட்டால் பெண்கள் கழிப்பறையில் அதிகாரி. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ள யாரோ இருக்காங்க போல?" என்றது ஒரு பெண் குரல். நல்ல தமிழ்.

"எங்க ஆபீசர்தான் மேடம்" என்றது ஆரோக்கியமேரியின் குரல்.

கதவு திறந்தது. வெள்ளைக்காரியை எதிர்பார்த்து ஆங்கிலத்தில் வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தார் அவர். எதிரே கைத்தறிச் சேலையில், தோளில் ஒரு பையுடன், நம்மூர் வக்கீல் ஒருவர் நின்றிருந்தார். பெயர் நாசியா என்றார்.

"தண்ணி வேகத்தைச் சோதிச்சிட்டு இருந்தேன் மேடம்" என்றார் பாலசுப்பிரமணியம். மூக்கிலிருந்து சொட்டியது.

"தாழ்ப்பாள் வெளியில இருக்கே?"

"பாதுகாப்புக்கு மேடம்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாசியா எட்டிப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். ஒரு போஸ்டரைத் தொட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளாப் பயன்பாட்டுல இருக்கு?"

"நாலு வருசமா மேடம்! பதினாறு ரிப்போர்ட் இருக்கு!" அவர் ஓடிப்போய் நகல்களை எடுத்து வந்து நீட்டினார். நாசியா ஒவ்வொன்றாகப் புரட்டி, ஏழாவது வரியில் விரல் வைத்துப் படித்து, பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்குத் தேதி போட்டு, அதே வரியை ஒரு தாள்ல எழுதித் தர்றீங்களா?"

பதினேழாவது கையெழுத்தை அவர் அழகாகப் போட்டார்.

அவ்வளவுதான். ஆரோக்கியமேரியிடம் நாசியா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "ரொம்ப உதவியா இருந்துச்சு சார்" என்றார். வாசலில் திரும்பி, "வர்றேன் மேரி" என்றார். கார் போய்விட்டது. ஆரோக்கியமேரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, பாதி பாட்டிலைக் குடித்தார்.

பாலசுப்பிரமணியம் ஈரக் கட்டு ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஆழமாக முகர்ந்தார். ராசிபுரம் வாசலுக்கே வந்துவிட்டது போலிருந்தது.

"பார்த்தியா அர்த்தனாரி? சும்மா பயந்துட்டோம். பெரிய மனுசங்க பெரிய மனுசங்கதான். ஆனா ஒண்ணுய்யா, எழுபது வளைவு ஏறி வந்திருக்காங்க, நாம இந்தப் பாடுபட்டுத் திறந்து வெச்சிருக்கோம், ஒரு தடவைகூட உள்ள போகணும்னு கேட்கல பாரு!"

"இப்பப் பேசலாமுங்களா சார்?"

"பேசுய்யா, தாராளமாப் பேசு."

"அவங்க காலைல எட்டரைக்கே வந்து கேட்டாங்க சார், இங்க பூட்டிக் கிடந்துச்சு, நம்ம மேரிம்மா நாலு வருசமா பதினொரு மணிக்குப் போற பக்கத்துப் பானுமதி ஊட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன், அங்க மேரிம்மாவும் இருந்தாங்க, ரெண்டு பேரும் முக்கா மணி நேரம் பேசினாங்க, அப்புறம்தான் அந்த மேடம் பைல் நாட்டுக்குக் காரெடுத்தாங்க!"