புகைக்கூண்டின் மேல் ஒரு பானை

பதினாறு வயதில் எனக்கு இரண்டு மூடநம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, என்னைப்போல் ஒரு அழகி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கிடையாது. இன்னொன்று, எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு பொசுக்கிவிட்டது. அறுபதுகளில் நடந்த கதை இது.

புரட்டாசி முடியப்போகிறது என்றால் வீட்டில் அடுப்பு வேலை ஆரம்பித்துவிடும். ஐப்பசி பிறந்தால் கடலூரில் மழை நம்மைக் கேட்டுக்கொண்டா வரும்? அதற்குள் விறகை உள்ளே அடுக்கி, வெடித்துப்போன மண் அடுப்பைச் சுரண்டி, கெடிலம் ஆற்றுக் களிமண்ணும் உமியும் பிசைந்து புதிதாகப் பூச வேண்டும். அதை அம்மாவும் வசந்தா அக்காவும் பார்த்துக்கொள்வார்கள். புகைக்கூண்டில் வருஷம் முழுக்கப் படிந்த கரியைத் தட்டுவது என் வேலை. கிணற்று மதில் வழியாக ஓட்டுக்கூரைமேல் ஏறி, கயிற்றில் ஒரு தென்னமட்டையைக் கட்டிக் கூண்டுக்குள் விட்டு ஆட்டுவேன். (வயசுப்பெண் கூரை ஏறலாமா என்று கேட்காதீர்கள். அப்பா கனமான ஆள், ஓடு தாங்காது.) முடிந்ததும், கீழே ஈரப்பூச்சின்மேல் மழை ஒழுகாமலிருக்கக் கூண்டின் வாயை ஒரு பழைய பானையால் மூடிவிட்டு வருவேன். பூச்சு காய்ந்ததும் மறுபடி ஏறிப் பானையை எடுக்க வேண்டும். அதுவரை திரி ஸ்டவ்வில் சமையல்.

அந்த வருஷம் பூச்சு காய்ந்த சமயம் பார்த்து, அக்காவைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அக்கா பள்ளிக்கூட டீச்சர். அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "வேலைய வுட்டுடணும்" என்பார்கள். அக்கா முடியாது என்பாள். "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று கிளம்புவார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்றுகூட நமக்குத் தெரியாது. இந்த மாப்பிள்ளையும் வாத்தியார்தான். பெண் தாராளமாக வேலைக்குப் போகட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். இதுவும் தட்டிப்போனால் அப்பாவே தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். பாவம், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

புது அடுப்பை இந்த நல்ல காரியத்துக்குத்தான் முதன்முதலில் மூட்டுவது என்று அம்மா தீர்மானித்தாள். என்னைக் கூப்பிட்டு, "அவுங்க போற வரைக்கும் நீ சமையக்கட்டத் தாண்டி வரக்கூடாது. பஜ்ஜி போட்டுக் குடு, அது போதும்" என்றாள். பெரியவளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் சின்னவள் படக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். நான் அதை என் மண்டைக்கனத்துக்குத் தகுந்தபடி எடுத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை மனசு மாறிவிடும், அக்காவின் வாழ்க்கையே என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து, சமையலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன்.

அடுப்பை மூட்டினேன். புகை மேலே போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. ஈர விறகு போலிருக்கிறது என்று ஊதுகுழலை எடுத்து ஊதினேன். இன்னும் வந்தது. கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, பஜ்ஜி வெந்ததா கருகியதா என்று தெரியவில்லை. மூளை உள்ளவள் வெளியே ஓடியிருப்பாள். நான்தான் தியாகியாயிற்றே. இருமலைக்கூடத் தாவணியில் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கதவு என்னைத்தான் மறைத்தது, புகையை அல்ல. அது இண்டு இடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போய்விட்டது. முதலில் மாப்பிள்ளையின் அம்மா இருமினார், அப்புறம் எல்லாரும் இருமினார்கள். எதிர்வீட்டுக்காரர் "வூடு பத்திகிச்சு" என்று கத்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் ஊற்றினார். மொத்தக் கூட்டமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவில் நின்றது. கடைசியாக நானும் வெளியே வந்தேன், தலைமுதல் கால்வரை கரியாக. என்னைப் பார்த்து யார் மனசும் மாறவில்லை.

கையில் காபித் தட்டோடு நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

"பானைய எடுத்தியாடி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். (சொன்னேனே, ஞாபகசக்தி.)

அப்போது மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கமா ஏறணும்?" என்று நேராக அக்காவிடமே கேட்டார். தாலி கட்டும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசாத காலம் அது. அக்கா தட்டை என் கையில் திணித்துவிட்டு, பக்கத்துச் சந்து வழியாக அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் பின்னாலேயே போனோம்.

"அந்த மதில் மேல ஏறி, இடதுபக்கமா போங்க. ஒரு ஓடு வெடிச்சிருக்கு, அதும்மேல கால் வச்சிடாதீங்க."

"எது, இதுங்களா?"

படக்கென்று ஒரு சத்தம்.

"அதுதாங்க."

பானையைத் தூக்கியதும் அதுவரை அடைபட்டிருந்த புகை மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது. கரிமுகத்தோடு, பானையைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும்போது இன்னொரு ஓடும் போனது. அக்கா சிரித்துவிட்டாள். அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ள இன்னும் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "பொண்ணுதான் அழுதுகிட்டு மாப்பிள்ளை வூட்டுக்கு வரும். நாம பொண்ணு வூட்டுக்கு வந்து அழுதுட்டுப் போறோம்" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "சரிங்க, ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றும் சொல்லிவிட்டார். அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. அதுவரை புகையால் வழிந்த என் கண்ணில் அப்போதுதான் நிஜமான அழுகை வந்தது.

"இதுக்கு எதுக்கும்மா ஊருக்குப் போவணும்?" என்றார் மாப்பிள்ளை, பானையைக் கீழே வைக்காமலே. "எனக்குச் சம்மதம். அவுங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

அக்கா அவரைப் பார்த்தே தலையாட்டினாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சமையல் முடியும்வரை நான் அடுப்புப் பக்கம் போகாதபடி ஆள் வைத்துக் காவல் காத்தார்கள்.

அக்கா சிதம்பரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி, வயதானபின் ரிட்டையர் ஆனாள். பிரிவு உபசார விழாவில் மாமாவையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இவுங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுத்ததில்லைங்க. மொதமொத பார்த்த அன்னிக்கே என்னைக் கூரைமேல ஏத்திவுட்டு, எங்க கால் வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. அன்னையிலேருந்து அவுங்க சொன்ன எடத்துலதான் கால் வைக்கிறேன். இத்தன வருஷத்துல ஒரே ஒரு ஓடுதான் ஒடஞ்சுது" என்றார். கூட்டம் கைதட்டியது. மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்திருந்த அக்கா, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி திருத்தினாள்.

"ரெண்டு."