சூரியத் தகட்டுக்குப் போர்வை

புதுச்சாமான் எதைக் கண்டாலும் மூடி வைக்கிற குணம் எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் உண்டு. டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் பை. நான் ஒருபடி மேலே போனவள்.

தொண்ணூறுகளில், சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டபோது, பிரிட்ஜுக்குப் பதிலாக அப்பா ஒரு சோலார் தகட்டைச் சீராகக் கொடுத்தார். மாமியாருக்கு மனசே ஆறவில்லை.

"ஏங்கண்ணு, ஊருக்கே சும்மா அடிக்கிற வெயிலையா உங்கப்பா சீராக் குடுத்தனுப்பியிருக்காரு?"

சுருக்கென்றது. ஆனால் மாடியில் தகட்டைப் பொருத்திய அன்று அதெல்லாம் மறந்துபோனது. கறுப்புத் தகட்டின் மேல் வெயில் விழுகிறது, மின்சாரமாகிக் கம்பி வழியே பேட்டரிக்கு இறங்குகிறது, கரண்ட் போனதும் பல்பாக எரிகிறது. சத்தமில்லை, புகையில்லை, சீமெண்ணெய் நாற்றமில்லை. அத்தனை தூரத்துச் சூரியன் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டதே என்று வாயைப் பிளந்து நின்றேன். (ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது.)

அந்தப் பிரமிப்புதான் வினையாகிப் போனது. இவ்வளவு பெரிய அதிசயம் வெயிலில் வெளுத்துப்போனால் என்ன செய்வது? சீரில் வந்த புதுச் சென்னிமலைப் போர்வையைத் தகட்டின் மேல் போர்த்திக் கட்டிவிட்டேன். (படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். கல்லூரி மன்னிக்கட்டும்.) பேட்டரியில் சேர்ந்திருந்ததை வைத்துச் சில நாள் பல்பு எரிந்ததால் சந்தேகமே வரவில்லை.

அப்பா விருந்துக்கு வந்தார். பொழுது சாய்ந்து, இலை போடும் நேரத்தில் கரண்ட் போனது. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"இப்பப் பாருங்க அத்தை, எங்கப்பா குடுத்த வெயிலை" என்று சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை. மறுபடியும் போட்டேன். பிறந்த வீட்டு மானம் அந்த இருட்டிலேயே போயிற்று. அப்பா டார்ச்சோடு மாடி ஏறினார். பின்னாலேயே மாமியாரும் போனார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, உங்க தகட்டுக்குக் குளிருதுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்குத்தான் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

மறுநாளும் அப்பா தங்கினார். போர்வை அவிழ்த்த தகட்டின் மேல் பகலெல்லாம் வெயில் கொளுத்தியது. மாமியார் களத்தில் மிளகாய் காயப்போட்டு, முதுகு வெந்து வந்தார். சாயங்காலம் கரண்ட் போனதும் சுவிட்சைப் போட்டேன். வீடே வெளிச்சமானது. மாமியார் பல்பைப் பார்த்தபடியே நின்றார்.

"என்ற முதுகை மத்தியானம் சுட்ட வெயிலா கண்ணு இது?"

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மொட்டைமாடி முழுக்கத் தகடுகள்தான். கரி எரிக்காத, காற்றைக் கெடுக்காத கரண்ட் என்று பேரப்பிள்ளைகளுக்கு மாமியாரே பாடம் எடுக்கிறார். முடிவில் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வார்.

"நல்ல சாமான் கண்ணு. உங்கம்மா கையில போர்வை சிக்காமப் பாத்துக்கோணும், அவ்வளவுதான்."