மேக வகுப்புக்கு வந்த பூஜ்யம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நான்கு பேரிடம் சொல்லி நீங்கள் வாங்கிக் கொடுத்த கல்லூரி வேலை நேற்றோடு போய்விட்டது. உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

கல்லூரி எவ்வளவு கல்வியை உற்பத்தி செய்கிறது என்று அளக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். எல்லாரும் அவரை அளவுகோல் சார் என்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவியை என்னிடம் கொடுத்து, வகுப்பு வகுப்பாகக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். மாணவர் குனிந்து எழுதினால் ஓர் அழுத்து, எண் ஒன்று ஏறும். கணக்கியல் வகுப்பில் ஒருவர் குனிந்து தூங்கிவிட்டார். சந்தேகம் வந்து அளவுகோல் சாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"குனிஞ்சாரா, இல்லையா?"

"குனிஞ்சார் சார்."

"அப்ப அழுத்து. தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்கெதுக்கு?"

அந்த வகுப்புக்கு ஒரே வாரத்தில் மூவாயிரத்துச் சொச்சம். பிறகு மாடிக் கோடியில் இருக்கும் வானிலை வகுப்புக்குப் போனேன் மாமா, அங்கேதான் விழுந்தேன். பதினான்கே பேர், பெரிய ஜன்னல், சாக்பீஸையே தொடாத ஒரு வாத்தியார். "வெளிய பாருங்க" என்றார், பார்த்தோம். ஒரு சின்ன மேகத்தில் ஐம்பது லாரித் தண்ணீர் இருக்குமாம், எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளியாக இருப்பதால் விழத் தெரியாமல் மிதக்கிறதாம், கீழேயிருந்து ஏறும் காற்று ஏந்திக்கொள்கிறதாம், அது நகர நகர நானும் பெஞ்சோடு நகர்வது போல இருந்தது, மணி அடித்ததும் கருவியைப் பார்த்தால் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். வாரம் முழுக்கப் பூஜ்யம்.

அளவுகோல் சாருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, ஒண்ணுமே விளையலை. வெள்ளிக்கிழமை கூட்டத்துல மூடிடலாம்" என்று முதல்வரிடம் சொன்னார். யாரும் எழுதவில்லையா, எழுதியதை நான் பார்க்கவில்லையா, எனக்கே தெரியாது. கடைக்காரரிடம் மிச்சம் கேட்கவே கூச்சப்படுகிற நான், வெள்ளிக்கிழமை கூட்டத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், அந்த பூஜ்யம் தப்பு. நான் எண்ணவே இல்லை."

"எண்ணாம என்ன பண்ணிட்டிருந்தே?"

"கேட்டுட்டு இருந்தேன் சார்."

"அப்படி என்னத்தைக் கேட்டே?"

அளவுகோல் சார் திட்டத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மேகத்தின் அடிப்பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது, எந்த உயரத்தில் ஆவி துளியாகிறது, மழைக்கு முன் எது கறுக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் முதல்வர், ஒன்பது வாத்தியார்கள், அளவுகோல் சார் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை.

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே அளவுகோல் சார், "இதைப் படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று முனகினார். முதல்வர், "கட்டம் போட்டப்புறம் மூடறதைப் பத்திப் பேசுவோம்" என்றார். வகுப்பு பிழைத்தது. வேலையைச் செய்யாததால் என் சீட்டு கிழிந்தது. நியாயம்தான் மாமா, எனக்குக் கோபமில்லை. முன்பு கேட்டு வைத்த தையல் கடையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

அத்தைக்கு என் வணக்கமும் குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தமும் சேரட்டும். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

பி.கு.: தையல் கடைக்குப் போக வேண்டாம், வண்டிக்கும் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது மேக வாத்தியார் வழிமறித்தார். எட்டாவதோடு நின்றவளுக்குப் பட்டமெல்லாம் கிடைக்காதாம், ஆனால் வகுப்பில் உட்காரலாமாம். விடுதிச் சமையல்கட்டில் காலை வேலையும் பேசிவிட்டார். எண்ணுவதற்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். இன்று திங்கட்கிழமை, வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவளுக்கும் பூஜ்யம்.