மஸ்கட் தாய்மாமன்

குடியிருப்பவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்று முடிவெடுத்தேன். நேரில் போய்ச் சொல்வது. என் மனைவி வீரலட்சுமிக்குத் தெரியாமல் சொல்வது. இதில் நேரில் போனது மட்டும்தான் நடந்தது. அதுவும் நடக்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு மஸ்கட்டில் ஒரு டயர் கம்பெனியில் கணக்கு வேலை. காரைக்குடியில், கழனிவாசல் பக்கம், ஒரு வீடு. அதை மஸ்கட்டிலிருந்தே நிர்வாகம் செய்து வந்தேன். அதாவது வாட்ஸப்பில் உத்தரவு போடுவேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மாடியில் வற்றல் காயப்போடக் கூடாது. மோட்டாரைப் போட்டுவிட்டு டிவி பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் குடியிருக்கும் துர்காதேவியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அந்தக் கட்டைவிரல்களை நம்பி, அங்கே என் ஆட்சி நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

துர்காதேவியின் கணவன் மருதுபாண்டி மினிவேன் ஓட்டுகிறான். ஒரு பெண் குழந்தை. தொந்தரவில்லாத மனிதர்கள். காலி செய்யச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எனவே ஒரு திட்டம் தேவைப்பட்டது.

திட்டத்தைக் கொடுத்தவன் என்னோடு வேலை பார்க்கும் சத்தியமூர்த்தி. அவனுக்கும் எங்கள் பக்கம்தான், கண்டனூர். குடும்பத்தின் பெரிய வீட்டை வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவதற்கு விட்டிருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டின்போது தினம் ஒரு படம் காட்டுவான். ஊஞ்சலில் ஒரு பிரெஞ்சுக்காரி. வாழை இலை முன்னால் ஒரு ஜெர்மன்காரர். எனக்குச் சோறு இறங்காது. அவன் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண்கள். என் வீட்டில் இருக்கும் ஒரே தூண் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிறது. ஆனாலும் கூடத்துத் தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் பதித்திருக்கிறேன். ஒரு பிரெஞ்சுக்காரிக்கு அது போதாதா?

ஊரில் என் வீட்டுக் குழாய், மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அய்யப்பனுக்குப் போன் செய்து, வீட்டை வெள்ளைக்காரர்களுக்கு விடும் திட்டத்தையும் நான் வரும் தேதியையும் சொன்னேன். குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினேன்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது அய்யப்பா."

"நான் யாருகிட்டண்ணே சொல்லப்போறேன்."

அப்போது குழாயை மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. அய்யப்பனின் வாயை மூடியிருக்க வேண்டும்.

வீரலட்சுமியிடம், சலாலாவில் ஆடிட் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டுகள் அவளுடைய பீரோவில் இருக்கும். சாவி அவள் இடுப்பில்.

"பாஸ்போர்ட்ட எடுத்துக் குடு."

"சலாலாவும் ஓமன்தானங்க, பாஸ்போர்ட் எதுக்கு?"

"ஆபீஸ்ல கேக்குறாக."

"கேட்டா குடுக்க வேண்டியதுதான்."

எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட எதையும் அவள் இரண்டாவது கேள்வி இல்லாமல் கொடுத்ததில்லை. நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

பெட்டியையும் அவளே அடுக்கினாள். திருச்சி விமான நிலையத்தில் கைக்குட்டை எடுக்கத் திறந்தபோது மேலாகப் பட்டு வேட்டி இருந்தது. ஆடிட்டுக்குப் போகிறவனுக்குப் பட்டு வேட்டி வைப்பவளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. பாவம், வெளியுலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடி வரும்வரை பஸ்ஸில் வசனத்தை ஒத்திகை பார்த்தேன். "வீடு எனக்குத் தேவைப்படுதும்மா. வேற எடம் பாத்துக்கங்க." கோபம் கூடாது. இரக்கமும் கூடாது. கொஞ்சம் இருமிக்கொள்ளலாம்.

ஆட்டோ எங்கள் தெரு முனையில் திரும்பியபோது ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. அதில் என் முகம். பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே முகம், ஆளுயரத்துக்கு. எங்கள் பக்கம் அவ்வளவு பெரிதாகப் படம் வைத்தால் முதலில் கண் தேடுவது தேதியைத்தான். நான் எப்போது செத்தேன் என்று தேடினேன். அதற்குள் ஆட்டோக்காரர் சத்தமாகப் படித்தார்.

"சௌபர்ணிகாவின் காதணி விழாவுக்கு வருகை தரும் தாய்மாமன், மஸ்கட் சேவுகப்பெருமாள் அவர்களை... அட, நீங்கதானாண்ணே? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. கொட்டுக்காரவுக காலையில இருந்து ஒக்காந்திருக்காக."

ஃப்ளெக்ஸின் நிழலில், சுற்றிலும் சீர்த்தட்டுகளோடு, என் மைத்துனன் முத்தரசு உட்கார்ந்திருந்தான். அமராவதிபுதூர்க்காரன். எதற்கும் பதறாதவன்.

"என்ன மச்சான், இம்புட்டு நேரமாக்கிப்புட்டீக. பிள்ளைக்கு மொட்டை போட்டுக் கோயில்ல இருந்து கூட்டியாந்தாச்சு. வேட்டியக் கட்டுங்க."

"என்ன மாப்ள இது?"

"துர்காதேவி கூடப்பொறந்தவன் இல்லாத பிள்ளை. காது குத்த மடி வேணும்ல. அக்கா உங்க மடியத் தர்றதாச் சொல்லிட்டாக."

"என் மடிய அவ எப்புடித் தருவா?"

"அத நீங்க அக்காகிட்டத்தான் கேக்கணும்." போனை நீட்டினான். வீடியோவில் வீரலட்சுமி. தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"என்னங்க, சலாலாவுல வெயில் எப்புடி?"

எனக்கு இருமல் வந்தது. ஒத்திகை பார்க்காத இருமல்.

"சரி சரி, வேட்டியக் கட்டுங்க. நல்ல நேரம் போகுது."

தெரு முனையிலிருந்த பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பட்டு வேட்டி கட்டினேன். கொட்டு முழங்கியது. ஒரு தட்டை முத்தரசு என் கையில் திணித்தான். அதில் குட்டிக் கொலுசும் பட்டுப்பாவாடையும். எல்லாமே என் பெயரில் நான் வாங்கியவை. எனக்குத்தான் தெரியாது. வழியில் பெண்கள் குலவையிட்டார்கள். காலி செய்யச் சொல்லப் போன வீட்டுக்குள் ஊர்வலமாகப் போனவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாசலில் துர்காதேவி நின்றாள். அதுவரை என்னை "சார்" என்றுதான் எழுதியிருக்கிறாள்.

"வாங்கண்ணே," என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு விசயம். இந்த வீடு..."

"வீட்டப் பத்தி அப்பறம் பேசலாம்ணே. காது குத்துற ஆசாரி ஒக்காந்திருக்காரு."

கூடத்தில் சுவரெங்கும் ஆணிகள். ஒரு ஆணியில் நானும் வீரலட்சுமியும் படமாகத் தொங்கினோம். படத்துக்குக் கீழே மணையில் உட்காரவைத்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை என் மடியில் வந்து விழுந்தது. என்னை அண்ணாந்து பார்த்தது.

"நீதான் எங்க மாமாவா?"

ஆசாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கூட்டம் முழுதும் என்னைப் பார்த்தது.

"ஆமா," என்றேன்.

முதல் காது குத்தும்போது சௌபர்ணிகா என் கட்டைவிரலைக் கடித்தாள். இரண்டாவது காதுக்குக் கடிக்கவில்லை. என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா, போதும்னு சொல்லு," என்றாள். ஆசாரியிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையைத்தான் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வேட்டி நழுவுவது போல இருந்தது. பிடித்துப் பார்த்தேன். வேட்டி சரியாகத்தான் இருந்தது.

அப்போது மைக் வந்தது. எங்கள் பக்கம் காதுகுத்தில் மைக் இல்லாமல் இருக்காது.

"தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசுவாக."

கடைசிச் சந்தர்ப்பம். எழுந்து நின்றேன். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. முத்தரசு போனைத் தூக்கிப் பிடித்தான். வீரலட்சுமி அதற்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீடு..." என்று தொடங்கினேன். இருமினேன். துர்காதேவியின் முகம் சட்டென்று வெளுத்தது. கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்தே "வாங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறாள்.

"இந்த வீடு என் தங்கச்சி வீடு மாதிரி."

"மாதிரி என்ன மாதிரி, தங்கச்சி வீடுதான்," என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் சொன்னார்.

"தங்கச்சி வீடுதான். அவ இருக்கிற வரைக்கும் அவளை யாரும் கெளப்ப முடியாது."

யாரும் என்றால் நான்தான். வேறு யாருக்கு அந்த எண்ணம் இருந்தது? கூட்டம் கைதட்டியது. என் வாழ்நாளில் ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டியது அப்போதுதான். தலையை நிமிர்த்த முடியவில்லை.

கறிச்சோறு பரிமாறும்போது மருதுபாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், மறைக்காமச் சொல்லிர்றேன். நீங்க வெளிநாட்டுக்காரவுகளத் தங்கவைக்கப் போறீகன்னு அய்யப்பன் சொன்னாரு. வீட்டுக்காரருக்குத் தேவைன்னா விட்டுத்தானே குடுக்கணும்? அரியக்குடியில ஒரு வீடு பேசி முடிச்சிட்டோம். காதுகுத்து முடிஞ்சதும் நாளைக்குச் சாவியக் கையில குடுத்துர்றதா இருந்தோம்."

கையில் எடுத்த கறி இலையிலேயே விழுந்தது.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். சாமானெல்லாம் பாதி கட்டியாச்சு. அந்தா, அங்குட்டு மூட்டை கெடக்கு பாருங்க."

"அப்ப போறீகளா?"

"எப்புடி மச்சான் போறது? நாங்க போயிட்டா, சபையில சொன்ன சொல்லு என்னாகும்? உங்களுக்குல்ல அசிங்கம். இப்பத்தான் அரியக்குடிக்குப் போன் போட்டு வேணாம்னுட்டேன். நீங்க கவலைப்படாதீக. இனிமே எந்தக் காலத்துலயும் நாங்க காலி பண்ண மாட்டோம்."

ஆறுதலாக என் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தான்.

மாடிக்குப் போனேன். வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாக நின்று வீரலட்சுமியைக் கூப்பிட்டேன்.

"அவுக தானாவே போறதா இருந்தாகளாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே."

"நீங்க எங்கிட்டச் சொல்லிட்டா போனீக?"

கீழே சௌபர்ணிகா "மாமா எங்க?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இப்புடிப் பண்ணிட்டியே," என்றேன்.

"நான் என்னங்க பண்ணேன்? அவுகள இருங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. வீடு உங்களுது. வாயும் உங்களுது."